வேவு விமானமும் யோகன் சொன்ன ஒரு வரியும்

சென்ற மாதம் சிட்னிக்கு வந்து, கெல்லிவில்லில் உங்களோடு ஒரு மத்தியானம் இருந்தேன். செய்மதிப் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அதே வேலையை மெல்பேணில் இருபத்தாறு வருடம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அனுபவம் சொல்லுங்கள் என்று கூப்பிட்டீர்கள். சும்மா சொல்லக்கூடாது, சாப்பாடு நன்றாக இருந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு வித்யா கேட்டாள்:

“அங்கிள், இப்போ வானம் பூரா சாட்டலைட்டா இருக்கு. அப்புறம் எதுக்கு ரகசியமா ஒரு ஸ்பீடு பிளேன் செய்யணும்? காசுக்குப் பிடிச்ச கேடா?”

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மெல்பேணுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல். அந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் எழுதப் போய் ஒரு மனிதனின் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான். அதை விழுங்கிவிட்டு உங்களுக்கு வேறு என்ன அனுபவத்தைச் சொல்லிக் கிழிக்கப் போகிறேன்? படத்தை எப்படிப் பெரிதாக்குவது, எதை எதோடு ஒப்பிடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இது வேறு விஷயம்.

முதலில் வித்யாவுக்குப் பதில். செய்மதி நல்ல கண்தான். ஆனால் அது தண்டவாளத்தில் ஓடும் ரயில் மாதிரி. எப்போது எந்த ஊருக்கு மேலே வரும் என்று கணக்குத் தெரிந்த எவனும் சொல்லிவிடுவான். ஏவுகணை லொறியை மறைக்க நினைக்கிறவன், செய்மதி கடந்து போகும் அந்தச் சில நிமிடத்துக்கு அதைக் கொட்டகைக்குள் விட்டுவிட்டுப் பிறகு வெளியே எடுப்பான். நாங்கள் தெளிவான படத்தைப் பார்த்து “நடமாட்டம் இல்லை” என்று அழகாக எழுதுவோம். வேக விமானம் வரும் நேரமும் திசையும் கீழே நிற்பவனுக்குத் தெரியாது. அதன் வேகம் சுடுபடாமல் தப்புவதற்கு மட்டுமல்ல. கீழே உள்ளவன் லொறி மேல் படங்குச் சீலையை இழுத்து மூடுவதற்கு முன் படம் எடுத்துவிடுவதற்கும்தான். ரகசியமாகச் செய்வதும் அதற்காகவே.

செய்மதியே போதும் என்கிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. விமானம் இன்னொரு நாட்டின் வானத்துக்குள் நுழைய வேண்டும். விழுந்தால் பெரிய சண்டை வரும். ஒருமுறை யார் கண்ணிலாவது பட்டுவிட்டால் ரகசியம் அன்றோடு போய்விடும். செய்மதிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதோடு செய்மதிகள் வருடத்துக்கு வருடம் பெருகிக்கொண்டே போகின்றன.

இந்த வாதத்தைத் தீர்த்துவைக்கும் ஆய்வு ஒன்று எங்களிடம் வந்தது. பாதுகாப்புத் துறைக்கு ஆய்வு எழுதிக் கொடுக்கும் தனியார் நிறுவனம் எங்களுடையது, பெயர் வேண்டாம். ஆளில்லாத வேக விமானம் ஒன்றுக்கான ஆராய்ச்சியைத் தொடங்குவதா, அல்லது செய்மதிப் படங்களையே கூடுதலாக வாங்குவதா என்று கன்பராவில் ஒரு குழு முடிவெடுக்க இருந்தது. எங்கள் பிரிவின் தலைவி, கெட்டிக்காரி, எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தவளும் அவள்தான், அத்தியாயங்களைப் பிரித்துக் கொடுத்தாள். மேலேயிருந்து பார்ப்பவனிடமிருந்து கீழே உள்ளவர்கள் எப்படி ஒளிக்கிறார்கள் என்ற அத்தியாயம் எனக்கு வந்தது.

“இது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தானே?” என்றாள்.

இலங்கைத் தமிழன், போர் நடந்த இடம், அப்படியானால் தெரிந்திருக்கும். அவ்வளவுதான் அவளுடைய கணக்கு. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “இல்லை, நான் பள்ளிக்கூடம் முடிந்ததும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவன். பிறகு கொழும்பு, அங்கிருந்து இங்கே. வன்னியில் வேவு விமானத்துக்குக் கீழே வருடக்கணக்காக வாழ்ந்தவர்கள் வேறு ஆட்கள்.” இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. எல்லாம் கண்டவன் போல முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினேன். மற்ற நாளெல்லாம் என் பெயரைக்கூட ஒழுங்காக உச்சரிக்காத அந்த அறையில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை யோகனிடம் போனேன். அது அவருடைய சொந்தப் பெயர் அல்ல. யோகன் மெல்பேணின் புறநகரான டண்டினொங்கில் ஒரு தமிழ்க் கடையின் பண்டகசாலையில் மூட்டை இறக்குபவர். அகதியாகப் படகில் வந்தவர். பக்கத்து நோபல் பார்க்கில் இன்னும் மூன்று பேரோடு ஒரு வீட்டில் இருந்தார். அதில் ஒருவர் குமார், அதே படகில் வந்த சிநேகிதன். யோகனின் மனைவியும் மகளும் வவுனியாவில். மகளைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தவர். தற்காலிக விசாவில் வருடக்கணக்காக இழுபட்டு, கடைசியில் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அது கிடைத்தால் இரண்டு பேரையும் கூப்பிடலாம். கடையில் என்னைக் காணும்போதெல்லாம் அதைத்தான் சொல்வார்.

அன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டுதான் குசினியில் தேத்தண்ணி போட்டார். குமார் அடுப்பில் மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டு நின்றார்.

“இருங்கோ அண்ணை. அந்தக் கதிரை ஆடும், இதில இருங்கோ.”

ஒரு ஆராய்ச்சிக்காகக் கேட்கிறேன் என்று சொன்னேன். எதற்கான ஆராய்ச்சி என்று சொல்லவில்லை. வண்டு வருகிற நாட்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஆளில்லா வேவு விமானத்துக்கு வன்னிச் சனம் வைத்த பெயர் வண்டு. அது சுற்றிவிட்டுப் போனால் பின்னால் குண்டு போடுகிற விமானம் வரும்.

யோகன் அங்கே சங்கக்கடைக்கு, அதாவது கூட்டுறவுக் கடைக்கு, அரிசியும் மாவும் ஏற்றி இறக்கிய உழவு இயந்திர ஓட்டுநர். ஒரு மணித்தியாலம் பேசினார். இயந்திரச் சூடு தெரியாமல் ஈரச் சாக்குப் போட்டது, சில்லுத் தடத்தைத் தென்னோலையால் கூட்டி அழித்தது, எல்லாவற்றையும் கையால் செய்து காட்டினார்.

“மேல நிக்கிறவனுக்குச் சாமான் தெரியாது அண்ணை. நிழல்தான் தெரியும். நிழலை மறைச்சியளோ, நீங்கள் தப்பி.”

“பயமில்லையோ?”

“பயம்தான். ஆனா வாற நேரம் தெரிஞ்சாப் பயமில்லை. காலமை சங்கக்கடை வரிசை கலையிற நேரம் ஒருக்கா, பின்னேரம் பள்ளிக்கூடம் விட்ட கையோட ஒருக்கா. அதுக்குள்ள மறைச்சிடுவம். நேரம் தெரியாம வந்து நிண்டதுகள்தான் எங்களைக் கொன்றது.”

கன்பராக் குழு தேடுகிற பதில் முழுவதும் அந்த இரண்டு வசனத்தில் இருந்தது. நேரம் தெரிந்து வருவது செய்மதி. நேரம் தெரியாமல் வருவது வேக விமானம். நான் வெளிக்கிடும்போது யோகன் வாசல் வரைக்கும் வந்தார்.

“எழுதுங்கோ அண்ணை. இவ்வளவு வருசத்தில இதை ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை.”

அப்படியே எழுதினேன். வரும் நேரம் தெரிந்தால் பயமில்லை என்ற வரியை அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே போட்டேன். யார் சொன்னது என்று போடவில்லை. படிக்கிறவர்கள் நான் பட்ட பாடு என்று நினைக்கட்டும் என்றுதான் விட்டேன். என் புளுகு அப்படி.

திங்கட்கிழமை காலை தலைவி கூப்பிட்டாள். மத்தியானம் அவள் கன்பராவுக்குப் பறக்க வேண்டும். என் அத்தியாயம் அவள் மேசையில் இருந்தது. அந்த வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தாள்.

“இதுதான் முழு அறிக்கையிலும் சிறந்த வரி. இது உங்கள் சொந்த அனுபவமா?”

வழக்கம் போலத் தலையாட்டப் பார்த்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

“சொந்த அனுபவம் என்றால் உங்கள் கிளியரன்ஸ் கோப்பை மறுபடி திறக்க வேண்டிவரும். நீங்கள் விண்ணப்பித்தபோது இப்படி ஒன்றும் சொல்லவில்லையே.”

கிளியரன்ஸ் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரகசியத் தாள்களைப் பார்க்கும் அனுமதி. அது போனால் எங்களைப் போன்றவர்கள் அலுவலக வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

“இல்லை, இல்லை. என்னுடையது இல்லை. டண்டினொங்கில் எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னது.”

“அப்படியென்றால் மூலத்தை எழுதுங்கள். பெயரோடு. மூலம் இல்லாத வரியை நான் அங்கே கொண்டுபோக மாட்டேன்.”

எழுதினேன். முழுப் பெயர், ஊர், இப்போது வேலை செய்யும் இடம், எல்லாம் பின்னிணைப்பில் நாலு வரியாக. எழுதி முடிக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. என் தலை தப்பியது என்ற நிம்மதியோடு கோப்பி குடிக்கப் போனேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பெயரைக் கொடுக்காமல் நான் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். பொய்யே தேவைப்படவில்லை. “அந்தப் பகுதியில் இருந்த பொதுமக்கள் எல்லோருக்கும் தெரிந்தது” என்று எழுதியிருக்கலாம். அது முழு உண்மை. வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. இன்னும் நாலு வீட்டில் கேட்டு அதை உறுதிப்படுத்தியும் இருக்கலாம். ஆனால் பயந்தவனுக்கு முதலில் கைக்கு அகப்படுவது இன்னொருவனின் பெயர்தான். அவசரத்தில் ஒரு பெயரை எழுதப் போகிறீர்கள் என்றால், அந்தத் தாளை நாளைக்கு யார் யார் படிப்பார்கள் என்று யோசியுங்கள். நான் யோசித்தது என் கோப்பைப் பற்றி மட்டும்.

அறிக்கைக்கு நல்ல பெயர் கிடைத்தது. விமான ஆராய்ச்சி தொடங்கலாம் என்று குழு முடிவெடுத்தது. அந்த வரியைக் குழுவில் இரண்டு பேர் வாய்விட்டுச் சொன்னார்களாம். தலைவி என் முதுகில் தட்டினாள்.

ஆறேழு மாதம் கழித்து, ஒரு பகல், வேலை நேரத்தில் யோகன் என்னைப் போனில் கூப்பிட்டார். குரல் பதறியது.

“அண்ணை, விசா அலுவலா இன்னொருக்கா இன்ரவியூ வைச்சவை. புது ஆள் ஒருத்தர் வந்திருந்தவர். ‘வாற நேரம் தெரிஞ்சாப் பயமில்லை எண்டு நீர் சொல்லியிருக்கிறீர், உமக்கு ஆர் நேரம் சொன்னது?’ எண்டு கேக்கிறார்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“நான் என்னத்தைச் சொல்ல? சங்கக்கடை வரிசையை வைச்சுத் தெரியும் எண்டன். சிரிக்கிறார் அண்ணை. இயக்கத்தில இருந்து சண்டை பிடிக்காதவனுக்கு இதெல்லாம் தெரியுமோ, சூட்டை மறைக்கிறது ஆர் பழக்கினது, ஏன் முதல் இன்ரவியூவில சொல்லேல்லை எண்டு கேக்கிறார். ஆரும் கேக்கேல்லை, அதாலதான் சொல்லேல்லை எண்டன்.”

அது என் அறிக்கையின் வரி. மூலத்தில் பெயர் வந்தால் பின்னிணைப்பு சரிபார்க்கப் போகும், சரிபார்க்கப் போகிற இடத்தில் விசாக் கோப்பு உட்பட எல்லாக் கோப்பும் ஒன்றையொன்று சந்திக்கும். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்த எனக்குத் தெரியாதா இது? தெரியும். நன்றாகத் தெரியும்.

“இது குமார்தான் அண்ணை,” என்றார் யோகன். “அண்டைக்கு அடுப்படியில நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டவன். அவன்தான் போட்டுக் குடுத்திருக்கிறான்.”

இப்போதும் நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அப்போது சொல்லியிருக்கலாம். “இல்லை யோகன், நான்தான்” என்ற மூன்று சொல். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தலைவி நடந்து போனாள். அறிக்கை இருப்பதாகவே வெளியே மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தோம். அந்தக் கையெழுத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, “அவசரப்பட்டு ஒண்டும் முடிவெடுக்காதையும்” என்று பெரிய மனிதன் போல ஒரு புத்திமதி சொல்லிப் போனை வைத்தேன்.

யோகன் அந்த வீட்டை விட்டு வெளியேறினார். ஒரே படகில் நடுக்கடலில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வந்த இரண்டு பேர், டண்டினொங் ஸ்டேஷனில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தலைவியிடம் போனேன், போகவில்லை என்று சொல்ல மாட்டேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு சொன்னாள்:

“வெளியே சாட்சி சொல்ல முடியாது. உள்ளே முறையிட ஒரு வழி இருக்கிறது. நீங்கள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.”

“என்னத்தை?”

“அந்த அனுபவம் உங்களுக்கு இல்லை என்பதை. இருப்பது போல எங்களை நம்பவிட்டதை. அந்த மனிதருக்கு எதற்கென்று சொல்லாமல் கேட்டதை. உங்கள் கிளியரன்ஸுக்குப் பயந்து பெயரைக் கொடுத்ததை. அதற்குப் பிறகு நீங்கள் இங்கே இருப்பது கஷ்டம். ஆனால் அவருக்கு அது உதவும்.”

அவள் கெட்டவள் அல்ல. படிவத்தைத் தானே எடுத்துத் தந்தாள். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. படிவத்தை மேசை லாச்சிக்குள் வைத்தேன். இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று ஒவ்வொரு நாளும் லாச்சியைத் திறந்தேன், மூடினேன்.

அதற்குப் பதிலாக வேறொரு திருகுதாளம் செய்தேன். யோகனின் வழக்கறிஞர் நன்னடத்தைக் கடிதம் கேட்டபோது உருக்கமாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நேர்மையான உழைப்பாளி, கோயில் வேலைக்கு முன்னுக்கு நிற்பவர், எனக்கு நீண்ட நாள் பழக்கம். அவருக்குத் தேவைப்பட்ட ஒரேயொரு உண்மையைத் தவிர எல்லாம் அதில் இருந்தது. யோகன் என் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னார். அந்தக் கையை உதறிவிட்டு ஓட வேண்டும் போல இருந்தது. நின்று வாங்கிக்கொண்டேன்.

இயக்கத் தொடர்பை மறைத்தார் என்று விசா மறுக்கப்பட்டது. மேன்முறையீடும் தோற்றது. அந்தக் கிழமை கடைக்குப் போனபோது யோகன் மூட்டைகளுக்கு நடுவில் நின்று சொன்னார்:

“மனிசி கேக்கிறா அண்ணை, எனக்கும் மறைச்சனீங்களோ எண்டு. இயக்கத்தில இருந்ததை என்னட்டயும் மறைச்சுத்தான் கலியாணம் கட்டினனீங்களோ எண்டு கேக்கிறா.”

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரத்துக்கு முன் விமானத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஒரு சின்ன மின்னஞ்சல். சிறிய செய்மதிகள் கூட்டம் கூட்டமாக மேலே போய்விட்டன, ஒன்று போனால் சிறிது நேரத்தில் இன்னொன்று வருகிறது, இனிக் கீழே உள்ளவனுக்கு நேரம் பார்த்து ஒளிக்க அவகாசம் கிடையாது, ஆகவே விமானம் தேவையில்லை என்றார்கள். வித்யா, உன் கேள்விக்கு அவர்கள் கண்ட பதில் அதுதான். முகில் மூடினால் என்ன செய்வார்கள், சண்டை வந்து செய்மதியையே குருடாக்கினால் என்ன செய்வார்கள் என்று நான் இன்னும் வாதாடலாம். எனக்கு இப்போது அந்த வாதத்தில் ஒரு ருசியும் இல்லை.

வேலையை விட்ட மறுநாள் அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். பார், என் வீரத்தை! இழக்க ஒன்றும் இல்லாதபோது எழுதினேன். கவனத்தில் எடுத்துக்கொண்டோம் என்று ஒரு வரிப் பதில் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

போன மாதம் கெல்லிவில்லில் இருந்து திரும்பிய பிறகு யோகனைத் தேடிப் போனேன். நோபல் பார்க்கிலேயே வேறொரு வீட்டில், பின்பக்க அறையில் தனியாக இருக்கிறார். வேலை செய்ய அனுமதி இல்லை. எப்போது திருப்பி அனுப்புவார்கள் என்றும் தெரியாது. ஞாயிறு பகல். கதிரையை எனக்குத் தந்துவிட்டுக் கட்டிலில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், எதையும் நல்லதாக்கிச் சொல்லவில்லை. ஏசுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“அப்ப குமார் இல்லையோ?” என்றார் முதலில்.

“இல்லை. நான்தான்.”

அவர் கை கட்டில் விரிப்பை நீவிக்கொண்டே இருந்தது.

“அந்தப் பிளேன் செய்திட்டினமோ அண்ணை?”

“இல்லை யோகன். அதை அப்பவே கைவிட்டிட்டினம்.”

“அப்ப நான் சொன்னதை மட்டும்தான் கோப்பில வைச்சிருக்கினம்.”

“ஓம்” என்றேன்.